போகாத கடிதங்களுக்கு வந்த பதினொரு பதில்கள்

நியூஜெர்சி மாநிலத்தில் சூரியன் தன் இஷ்டத்துக்கு உதிப்பதில்லை. வெஸ்ட் வின்ட்சர் சந்தானத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் உதிக்கும். சந்திரன் தேய ஆரம்பிக்கும் முன்பு அவருக்குத் தகவல் சொல்லிவிடும். ராகுவும் எமகண்டமும் அவர் போட்டுக்கொடுத்த ஷிஃப்டில்தான் வேலை பார்க்கிறார்கள். ஊரில் ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ராகுவை, டிசம்பரில் பகல் குறைவு என்று காரணம் காட்டி, எழுபது நிமிஷத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒருநாள் இன்டர்நெட் கம்பெனியை மாற்றினார். அமெரிக்காவில் இதுவரை நடந்த மாறுதல்களில் இரண்டாவது பெரியது அது. முதலாவது எது என்று கயலுக்குத் தெரியாது. அந்தப் பாடம் நடந்த அன்று அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

கயல் அவருடைய பக்கத்து வீட்டுப் பெண். டவுன்ஹவுஸ் என்பதால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எட்டு வயதில் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்தவள், இப்போது பதினாறு. அம்மா எழிலரசிக்கு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் பன்னிரண்டு மணி நேர வேலை. அப்பா மதன் டெக்சாஸில் ஏதோ பிராஜெக்டில் இருந்தார். மாதம் ஒருமுறை துணி துவைக்க வருவதுபோல் வந்துபோவார். போன வருஷம் பள்ளிக்கூடம், இவள் வீட்டிலிருந்தே ஆன்லைனில் படித்தால் எல்லோருக்கும் நல்லது என்று சொல்லிவிட்டது. ஒரு தீ அலாரமும், பிரின்சிபாலின் காரை முழுக்க மூடிய நானூறு மஞ்சள் ஸ்டிக்கர் தாள்களும் அதற்குக் காரணம். தீ அலாரம் அவள் செய்ததில்லை.

மார்க் குறைந்ததும் எழிலரசி வீட்டு வைஃபையை மாலை நான்கு மணியோடு பூட்ட ஆரம்பித்தாள். கயல் சுவருக்கு அந்தப் பக்கத்து வைஃபையை முயன்று பார்த்தாள். பாஸ்வேர்ட் முதல் தடவையிலேயே கிடைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மனைவியைப் பறிகொடுத்தவர் வேறு என்ன வைத்திருக்கப்போகிறார். ஷ்யாமளா என்று ஆங்கிலத்தில் அடித்தாள், திறந்துகொண்டது.

உள்ளே போனவள் சும்மா இருக்கவில்லை. அங்கே ஒரு பிரிண்டர் கண்ணில் பட்டது. மறுநாள் சந்தானத்தின் பிரிண்டர் தானாகவே எழுந்து ஒரு தாளைத் துப்பியது. 'நான் ராகு பேசுகிறேன். என் நேரத்தை எழுபது நிமிஷமாகக் குறைத்ததைக் கடுமையாக ஆட்சேபிக்கிறேன்.' பத்து நிமிஷத்தில் வாசலில் மணி அடித்தது. கம்பளித் தொப்பி, காதை மூடிய மஃப்ளர், கையில் தாள். கதவைத் திறந்த கயலை அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

“நாளைக்கு எழுபத்தி ஒண்ணு,” என்றார். “ராகுகிட்ட சொல்லிடு. எழுபது அடுத்த வாரம்தான். அப்புறம், பிரிண்டர்ல யார் அனுப்பினாங்கன்னு பேர் வரும். ராகுவோட போனுக்கு கயல்னு பேர் வெச்சிருக்கே.”

அதோடு போய்விட்டார். வைஃபை பாஸ்வேர்டை அவர் மாற்றவில்லை. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, இவளும் பேசவில்லை. அதன்பிறகு கயல் சாயங்காலங்களில் அங்கே போய் உட்கார ஆரம்பித்தாள். காபிக்காகத்தான் போகிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவளுக்குக் காபி பிடிக்காது.

சந்தானம் பார்சிப்பனியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். எந்தச் சாலையில் எந்த சிக்னல் எத்தனை விநாடி சிவப்பில் நிற்க வேண்டும் என்று கணக்குப் போடுவதே வேலை. அந்த வட்டாரத்தில் எங்கேயாவது சிக்னலில் மாட்டிக்கொண்டு யாராவது பல்லைக் கடித்திருந்தால், அவர்களுக்கே தெரியாமல் இவரைத்தான் திட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் கையில் பஞ்சாங்கம் கிடைத்தால் விடுவாரா. ஊர்ப் பஞ்சாங்கத்தில் இருக்கும் திதியை இந்த ஊர் மணிக்கு மாற்றுவார். இந்த ஊர் சூரிய உதயத்தை வைத்து ராகு காலம் போடுவார். நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கும் வாரத்தில் அவருக்குக் கல்யாண வீட்டுக்காரர் களை வந்துவிடும்.

ஆரம்ப காலத்தில் ஆட்கள் சாப்பாட்டு நேரத்தில் போன் பண்ணி, அமாவாசை இன்றைக்கா நாளைக்கா என்று கேட்பார்களாம். ரசம் ஆறிப்போகிறது, வாரம் ஒரு மெயிலாக எழுதிப் போட்டுவிடுங்கள் என்று ஷ்யாமளாதான் சொன்னாளாம். அன்றிலிருந்து வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு மெயில், அறுபத்தொரு பேருக்கு. பதினாலு வருஷம். கடைசியில் இரண்டு வரி மட்டும் சொந்த விஷயம் இருக்கும். கறிவேப்பிலைச் செடியை உள்ளே எடுத்து வைத்தாயிற்று. இன்று முதல் பனி.

அந்த மெயில் போன பிறகு அவர் சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு அரை நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பார். அங்கே ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில் ஒரு டேப்லெட் எப்போதும் சார்ஜில் கிடக்கும். கயல் ஒருதரம் அதை எடுக்கப் போனபோது, “அது வேண்டாம்மா,” என்றார். அவ்வளவு சட்டென்று அவர் எதையும் சொன்னதில்லை. சமையல் வீடியோ பார்க்கும் டேப்லெட் போலிருக்கிறது, எண்ணெய்க் கை படக் கூடாது என்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்டர்நெட் கம்பெனியை மாற்றச் சொன்னது கயல்தான். பிளசன்டனில் இருக்கும் அவருடைய மகன் தீபக் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வருவான். பழைய கம்பெனியின் வேகத்தில் அவன் முகம் பாதி வாயோடு உறைந்துவிடும். பேரன் ஆர்யன் கட்டம் கட்டமாகத் தெரிவான். புது கம்பெனி போட்டால் பேரன் பளிச்சென்று தெரிவான் என்று கயல் எடுத்துச் சொன்னாள். தன் கேம் அடிக்கடி நின்றுபோகிறது என்பதைச் சொல்லவில்லை.

அக்டோபர் முதல் வாரத்தில் புது கம்பெனி ஆள் வந்தான். பழைய பெட்டி சுவரோரம், கயல் வீட்டுப் பக்கம் இருந்தது. அவன் அதைக் கழற்றிவிட்டுப் புதுப் பெட்டியைப் பின்கட்டு அறையில், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் மாட்டி, பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையுமே போட்டுவிட்டுப் போனான். அத்தோடு கயல் வீட்டுக்குள் சிக்னல் வருவது நின்றது. அவர் வீட்டுப் பின்புற டெக்கின் மரப்படியில் உட்கார்ந்தால் மட்டும் இரண்டு கோடு கிடைத்தது. இவ்வளவு பேசி வாங்கிக் கொடுத்தவளுக்குக் கிடைத்த பரிசு அது.

ஞாயிற்றுக்கிழமை தீபக் பளிச்சென்று வந்தான். முகம் தெளிவாகத் தெரிந்தது. அதனால் அவன் பேச்சுக்கு நடுவே கடிகாரத்தைப் பார்ப்பதும் தெளிவாகத் தெரிந்தது. அந்த வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்துவிடுங்கள் என்று வழக்கம்போல் சொன்னான். யோசிக்கிறேன் என்று சந்தானமும் வழக்கம்போல் சொன்னார்.

மூன்று வாரம் போயிற்று. ஒருநாள் சாயங்காலம், திரையில் எழுத்து பெரிதாகிவிட்டது, சின்னதாக்கித் தா என்று அவர் கூப்பிட்டார். மனிதர் காபி போட எழுந்து போயிருந்தார். எழுத்தைச் சின்னதாக்கியதும், அதுவரை திரைக்கு வெளியே போயிருந்த இடப்பக்கப் பட்டியல் உள்ளே வந்தது. அதில் அவுட்பாக்ஸ் என்ற வரி தடித்த எழுத்தில் இருந்தது. பக்கத்தில் 3. மூன்று மெயில் வெளியே போகாமல் நிற்கிறது.

கயலுக்கு உடனே புரிந்துவிட்டது. மெயில் வருவதற்கு ஒரு வாசல், போவதற்கு வேறு வாசல். தீபக் கல்லூரியில் படித்தபோது அப்பாவுக்குச் சொந்தப் பெயரில் ஒரு முகவரி வாங்கிக் கொடுத்திருந்தான். வருவது அந்த முகவரியைக் கொடுத்த கம்பெனியிலிருந்து வரும். போவதை மட்டும் பழைய இன்டர்நெட் கம்பெனியின் சர்வர் வழியாகப் போகும்படி அமைத்துவிட்டுப் போயிருந்தான். கம்பெனி மாறியதும் அந்த சர்வர், நீ எங்கள் ஆள் இல்லை என்று இவரை வாசலிலேயே நிறுத்திவிட்டது. வருகிற வாசல் மட்டும் திறந்தே கிடந்தது. மருந்துக்கடைக்காரன் மெயில் வந்தது, கோயில் கும்பாபிஷேக மெயில் வந்தது. எல்லாம் நன்றாக நடப்பது போலவே இருந்தது. அனுப்பும்போது திரையில் சின்னதாக ஒரு பெட்டி வந்து ஏதோ எண்ணைச் சொல்லும். அதை அவர் மூடிவிடுவதை இவளே பார்த்திருக்கிறாள்.

சரிசெய்ய ஐந்து நிமிஷம் போதும். கையை வைக்கப் போனவள், மூன்றில் பழைய மெயிலைத் திறந்து பார்த்தாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள்.

'அன்பர்களுக்கு வணக்கம். இது என் எழுநூற்று நாற்பதாவது மெயில். ஒரு சின்ன விஷயம் கேட்க வேண்டும். இதை யாராவது படிக்கிறீர்களா? படிப்பவர்கள் ஒரு வார்த்தை எழுதினால் போதும். கார்த்திகை அமாவாசைக்குள் எதுவும் வரவில்லை என்றால் இத்துடன் நிறுத்திக்கொண்டு, பிளசன்டனில் மகனோடு போய் இருந்துவிடலாம் என்று எண்ணம். கறிவேப்பிலைச் செடியை யாராவது எடுத்துக்கொள்ளலாம்.'

அவர் காபியோடு வருவதற்குள் கயல் அதை மூடிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து படுத்தபடி யோசித்தாள். அனுப்பு என்று அழுத்தினால் அறுபத்தொரு பேருக்குப் போகும். போய், ஒருவரும் எழுதாவிட்டால்? இப்போதைக்குப் பதில் வராததற்குக் காரணம் ஒரு சர்வர். அனுப்பிவிட்டால் காரணம் மனிதர்கள். மூன்று வாரமாக மெயில் வரவில்லையே, உடம்புக்கு என்ன என்று கேட்டு ஒரே ஒருவராவது எழுதியிருக்கலாமே. எழுதவில்லை. அதனால் அவருக்கே சந்தேகம் வரவில்லை. முன்பும் யாரும் எழுதியதில்லை, இப்போதும் எழுதவில்லை.

அவர் போய்விட்டால் வைஃபை போய்விடும், அதுதான் தன் கவலை என்று முடிவு செய்துகொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்டது.

மறுநாள் டெக் படியில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள். மெயிலின் மேலே அறுபத்தொரு பெயரும் இருந்ததைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். அதிலிருந்து பதினொரு பெயரைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் புது முகவரி உண்டாக்கினாள். பொய் எழுதுவது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் கிண்டலில்லாத பொய் எழுதுவது அதுதான் முதல் தடவை. அதற்குக் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது. எடிசனில் இருக்கும் ராமசுப்ரமணியன் எதற்காகப் படிப்பார், அஞ்சனா எந்த வரியை ரசிப்பாள் என்று தெரிய, பழைய மெயில்கள் எல்லாம் வேண்டும். எழுத்து இன்னும் சரியாகவில்லை என்று சாக்குச் சொல்லி அவர் கம்ப்யூட்டரிலிருந்து அவற்றைத் தன் போனுக்கு இறக்கிக்கொண்டாள். இரண்டு பக்கத்துக்கு மேல் எந்தப் புத்தகமும் படிக்காதவள், எழுநூறு மெயிலைப் பதினொரு நாளில் படித்தாள்.

'இனி ஷ்யாமளாவின் நீர்மோர் இல்லாத கோடை,' என்று ஒரு வரி வந்தது. அன்றைக்கு மேலே படிக்காமல் போனை மூடிவிட்டாள்.

பதில்கள் ஒவ்வொன்றாகப் போயின. ராமசுப்ரமணியன் எழுதினார்: 'சார், உங்கள் ராகு காலம் பார்க்காமல் நான் பெட்ரோல்கூடப் போடுவதில்லை.' அஞ்சனா எழுதினாள்: 'அங்கிள், முதல் பனி வரி சூப்பர். பையன் க்ரிஷ்ஷுக்கும் வாசித்துக் காட்டினேன்.' மயில்சாமி சுருக்கமாக, 'படிக்கிறேன். நீர்மோர் இல்லாத கோடை என்று எழுதியிருந்தீர்களே, அதையும் படித்தேன். நிறுத்தக் கூடாது,' என்றார். பழைய முகவரி போய்விட்டது, இது புதுசு என்று எல்லோருமே ஒரு வரி சேர்த்தார்கள். எல்லோரும் ஒரே மாதத்திலா முகவரி மாற்றுவார்கள் என்று கயலுக்கே தோன்றியது. ஆனாலும் வேறு வழி இல்லை.

சந்தானத்தின் நடையே மாறிவிட்டது. ஒருநாள் கயலிடம், ராமசுப்ரமணியன் பெட்ரோல் போடுவதைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். நியூஜெர்சியில் பெட்ரோல் போட நாம் வண்டியை விட்டே இறங்க வேண்டாமே, பங்க்காரனே போட்டுவிடுவானே, அதற்கு எதற்கு ராகு காலம் என்று யோசித்து யோசித்துச் சிரித்தார். பதினொரு பேருக்கும் பதில் எழுதிவிட்டதாகவும் சொன்னார். கயல் தலையாட்டினாள். அந்தப் பதில்கள் எங்கே கிடக்கின்றன என்று அவளுக்குத் தெரியும்.

இப்படியே ஓடியிருக்கும். தனபாக்கியம் என்று ஒருத்தி நிஜமாகவே எழுதாமல் இருந்திருந்தால்.

நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சந்தானம் கயலைக் கூப்பிட்டார். சிரிப்பில்லை. திரையில் இரண்டு மெயில் திறந்திருந்தது. இரண்டும் பார்சிப்பனி தனபாக்கியத்திடமிருந்து. அவளுடைய கணவர் போன வருஷம் கார்த்திகையில் இங்கேயே இறந்துபோயிருந்தார். முதல் வருஷத் திவசம் இது. திதி துவாதசி. கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் நாள்காட்டியைப் பார்த்து வெள்ளிக்கிழமை என்கிறார், இங்கேயும் வெள்ளிதானா, நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஐந்து வாரமாக உங்கள் மெயிலே வருவதில்லையே என்று கேட்டிருந்தாள். முதல் மெயில் வந்து ஒரு வாரம் ஆயிற்று. இரண்டாவது அன்று காலையில் வந்தது. 'பதில் இல்லீங்களே அண்ணா. எம்மேல ஏதாச்சும் வருத்தமுங்களா.'

“வெள்ளி இல்ல,” என்றார் சந்தானம். “அது அந்த ஊருக்கு. இங்க துவாதசி வியாழக்கிழமை காலம்பற பதினொன்றரைக்கே வந்துடறது. வெள்ளிக்கிழமை காலம்பற ஒன்பதரைக்குள்ள போயிடும். அவ வெள்ளிக்கிழமை மத்தியானம் இலை போட்டா, திதியே இல்லாத நேரத்துல போடுவா. முதல் வருஷம்மா இது.”

“போன் பண்ணிடுங்க அங்கிள்.”

“நம்பர் எல்லாம் ஷ்யாமளா போன்ல இருந்தது. எனக்கு இவங்க எல்லாரும் மெயில்தான்.”

“நான் என் போன்லேருந்து மெயில் போட்டுடறேன்.”

“நீ யாருன்னு கேப்பா. திவசத்துக்கு நாள் முன்னபின்ன தெரியாத பொண்ணா சொல்றது? என் பேர்ல போகணும்.” பிறகு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். “ரெண்டு தடவை எழுதிட்டேன். போகல. நீதானே இந்த கம்பெனியைப் பிடிச்சே. நீயே சரி பண்ணு.”

கயல் உட்கார்ந்தாள். போகும் வழிக்கான பக்கத்தைத் திறந்தாள். பழைய கம்பெனியின் பெயரை அழித்து, வருகிற மெயில் எங்கிருந்து வருகிறதோ அவர்களுடைய சர்வரையே போவதற்கும் போட்டாள். 25 என்றிருந்த வாசல் எண்ணை 587 ஆக்கினாள். புதுக் கம்பெனி 25-ஐ யாருக்கும் திறப்பதில்லை என்று மூன்று வாரத்துக்கு முன்பே தேடிப் பார்த்து வைத்திருந்தாள். பாஸ்வேர்ட் கேட்டது. அவரைக் கேட்காமலே ஷ்யாமளா என்று அடித்தாள்.

இனி ஒரு பொத்தான்தான் பாக்கி. அவுட்பாக்ஸில் பத்தொன்பது இருந்தது. வியாழக்கிழமை மெயில் ஆறு, தனபாக்கியத்துக்கு இரண்டு. மீதிப் பதினொன்றும் கயல் உண்டாக்கிய முகவரிகளுக்கு. அந்தப் பதினொரு முகவரியும் அவள் போனில் இருந்தன. போன் ஜாக்கெட்டில். ஜாக்கெட் அவருடைய நாற்காலிக்குப் பின்னால், கதவுக் கொக்கியில்.

“அங்கிள், குளிருது. ஜாக்கெட்டை எடுத்துக்கறேன்.”

“ஹீட்டர் எழுபத்திரண்டுல இருக்கு, வீடு வெதுவெதுன்னுதான் இருக்கு. முதல்ல அனுப்பு.”

தனபாக்கியத்துடையதை மட்டும் அனுப்ப ஏதாவது வழி இருந்திருக்கும். அவர் தோளுக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடியோடு நிற்கும்போது அது கயலுக்கு நினைவுக்கு வரவில்லை. பதினொன்றையும் அழிக்கலாம், அதை அவர் பார்ப்பார். அப்புறம் சரி பண்ணுகிறேன் என்று எழுந்து போகலாம். வியாழக்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. முகம் தெரியாத ஒரு அம்மாள், இல்லாத திதியில் இலை போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்து நின்றது. வாழ்க்கையில் எத்தனையோ பொத்தானைக் கயல் யோசிக்காமல் அழுத்தியிருக்கிறாள். யோசித்து அழுத்தியது அது ஒன்றுதான்.

நீலக் கோடு ஒன்று திரையில் ஓடியது.

முதல் சத்தம் சமையலறையிலிருந்து வந்தது. டிங். ரைஸ் குக்கர் பக்கத்து டேப்லெட். சந்தானம் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி டிங். ஆறு தடவை. கயல் திரையைப் பார்த்தாள். அறுபத்தொரு பெயரில் முதல் பெயர் ஷ்யாமளா சந்தானம் என்று இருந்தது. படம் பிடித்து வைத்தும் அவள் அதைக் கவனித்ததில்லை. பெயரைப் பொறுக்கும்போது நடுவிலிருந்து ஆரம்பித்திருந்தாள்.

அப்புறம் கதவுக் கொக்கியில் ஜாக்கெட் அடித்தது. ஒன்று. இரண்டு. ஜாக்கெட்டுக்கு விக்கல் வந்ததுபோல் பதினொரு தடவை.

“ஸ்கூல்,” என்றாள் கயல். “அசைன்மென்ட் போடறாங்க.”

“சனிக்கிழமையா.”

“ஆன்லைன் ஸ்கூல் அங்கிள். அதுக்கு லீவே கிடையாது.”

அவர் அதைக் கேட்டுக்கொண்டதாகவே காட்டவில்லை. திரையைக் கூர்ந்து பார்த்தார். இப்போது உள்ளே வர ஆரம்பித்திருந்தன, சரசரவென்று, எண்ண முடியாத வேகத்தில். கயல் நாற்காலி நுனிக்கு வந்தாள். பதில்கள். இத்தனை பேரா. பிறகு படித்தாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. இந்த முகவரி இல்லை. இந்த முகவரி இல்லை. கடைசியில் நூற்று முப்பத்தெட்டில் நின்றது.

“இருபத்தி மூணு பேர்,” என்றார் சந்தானம். “ஆறு வாரத்துக்கு நூத்தி முப்பத்தெட்டு. சரியாத்தான் இருக்கு. வாராவாரம் வரும். சில பேர் வேலை மாறிட்டா. சில பேர் ஊருக்கே போயிட்டா. நாலு பேர் செத்துப்போயிட்டா.”

“அவங்களை லிஸ்ட்லேருந்து எடுத்துடலாமே அங்கிள்.”

“எடுக்கலாம். ஆனா எனக்கு வாராவாரம் பதில்னு வர்றது அது ஒண்ணுதாம்மா.”

கயலுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இருபத்து மூன்றும், சமையலறை டிங்கும், கம்பெனி மாறிய முதல் வியாழக்கிழமையே நின்றுபோயிருக்கின்றன. சிக்னலின் விநாடியை எண்ணியே முப்பது வருஷம் ஓட்டிய மனிதர். மெயில் போகவில்லை என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

“தெரிஞ்சும் ஏன் அங்கிள் சொல்லல?”

“சொன்னா நீ சரி பண்ணிடுவியே,” என்றார். “சரி பண்ணினா அந்தக் கேள்வி போயிடுமே.”

வெளியே யாரோ காய்ந்த இலைகளை மெஷின் வைத்து ஊதித் தள்ளிக்கொண்டிருந்த சத்தம் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தது. போகக்கூடிய முகவரிகள் இன்னும் முப்பத்தேழு இருந்தன. அந்த முப்பத்தேழு பேர் வீட்டிலும் இப்போது அந்தக் கேள்வி போய் உட்கார்ந்திருக்கும். கயல் திரையை முறைத்தாள். ஒரு கும்பாபிஷேக மெயில் வந்தது. மருந்துக்கடைக்காரன் வந்தான்.

இருபது நிமிஷம் கழித்து தனபாக்கியம் வந்தாள். 'வியாழக்கிழமைங்களா. சரிங்க அண்ணா. நல்ல வேளை. ஐயருக்கு இப்பவே சொல்லிடறேன். படிக்கிறீங்களான்னு கேட்டிருந்தீங்க. படிக்கிறேனுங்க. அவர் இருந்தப்போ அவர் சத்தமாப் படிப்பார், நான் கேட்பேன். இப்ப நானே படிச்சுக்கறேன்.'

சந்தானம் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, மூன்றாவது தடவையும் படித்தார். வேறு யாரும் வரவில்லை. ஐந்து மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் போய்விட்டது. கார்த்திகை அமாவாசைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

“ஒருத்தர்,” என்றார் அவர்.

“அதான் பன்னெண்டு பேர் ஆச்சே அங்கிள். ஏற்கனவே பதினொண்ணு வந்துதே.” சொல்லி முடிக்கும் முன்பே அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று கயலுக்குத் தெரிந்துவிட்டது. போகவே போகாத மெயிலுக்கு அந்தப் பதினொரு பேர் எப்படிப் பதில் எழுதினார்கள் என்று அவர் கேட்கலாம். அவர் கேட்கவில்லை. எழுந்து போய்க் கொக்கியிலிருந்து ஜாக்கெட்டை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தார்.

“ராமசுப்ரமணியன் எடிசன்ல இருக்கார்னு நெனச்சிண்டிருந்தேன்,” என்றார். “இதுக்குள்ளயா குடியிருக்கார்?”

கயல் தரையைப் பார்த்தாள். கிண்டலாக ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தாள். “எல்லாத்தையும் படிச்சேன் அங்கிள்,” என்றுதான் வந்தது. “எழுநூறும். அது பொய் இல்ல.”

“தெரியும். நீர்மோர் வரியை மயில்சாமி எடுத்து எழுதியிருந்தாரே. அதை நான் எழுதினது அவர் செத்துப்போனதுக்கு அப்புறம்.” சமையலறைக்குப் போனவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். “அஞ்சனாவுக்கு எழுதின பதிலைப் படி. அதுதான் முக்கியம்.”

பால் பாத்திரம் அடுப்பில் ஏறும் சத்தம் கேட்டது. கயல் போனை எடுத்தாள். பத்து நாளைக்கு முந்தைய தேதி போட்டு ஒரு மெயில் இருந்தது.

'அன்புள்ள அஞ்சனா அவர்களுக்கு, வணக்கம். தங்கள் அன்பான பதில் கிடைத்தது, மிக்க மகிழ்ச்சி. தாங்கள் இதை என் வீட்டு டெக் படியில் உட்கார்ந்து எழுதியதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போன இரண்டாவது நிமிஷம் எனக்கு வந்து சேர்ந்தது. வெளியே முப்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட், நல்ல குளிர். காலில் சாக்ஸ்கூட இல்லை. இன்னும் ஒரு பத்துப் பேராவது எழுத வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அவர்கள் எல்லோரையும் உள்ளே வந்து உட்கார்ந்து எழுதச் சொல்லவும். பின்கதவைப் பூட்டுவதில்லை. இப்படிக்கு, சந்தானம்.'